ஆட்டம் தொடங்கும் முன்பே ரேங்க்: கம்ப்யூட்டர் சொன்னால் சரியா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் தாளில் போட்ட கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறோம். அதே கணக்கு மானிட்டரில் வந்தால், அதிலும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால், மறுபேச்சு இல்லை. "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்கிறோம்.

கம்ப்யூட்டர் கூட்டலில் தப்பு செய்யாது. ஆனால் எந்த எண்ணில் இருந்து கூட்ட ஆரம்பித்தது? அதை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காததால் ஒரு நாட்டில் பல ஆண்டுகள் பெரிய சண்டையே நடந்தது. அமெரிக்கக் கல்லூரி புட்பால் ரேங்க் பட்டியல்தான் அந்தச் சண்டைக்குக் காரணம். கம்ப்யூட்டரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்து, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே முதல் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன.

ஏன் ரேங்க் தேவைப்பட்டது?

ஒரு சின்ன கணக்கு போடுங்கள். 130 அணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஒரு முறை மோத வேண்டும் என்றால் 8,385 ஆட்டங்கள் நடக்க வேண்டும். ஆனால் உடம்பை வருத்தும் ஆட்டம் என்பதால், ஓர் அணி வழக்கமான சீசனில் ஆடுவது சுமார் 12 ஆட்டங்கள்தான். அப்படிப் பார்த்தால் மொத்தமே 780 ஆட்டங்கள். அதாவது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மீதி எல்லா ஜோடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

மோதாத இரண்டு அணிகளில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936ல் விளையாட்டு நிருபர்களிடம் ஓட்டு வாங்கி வாராவாரம் பட்டியல் போட ஆரம்பித்தது. இன்றும் அந்தப் பட்டியல் வருகிறது. முதலிடத்திற்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்திற்கு 24 என இறங்கி, இருபத்தைந்தாம் இடத்திற்கு 1 புள்ளி. எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டினால் ரேங்க்.

1950ல் இருந்து இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. சீசன் தொடங்கும் முன்பே, ஒரு பந்து கூட எறியப்படாத நிலையில், ஒரு பட்டியல் வெளியிடுவது. போன ஆண்டு எப்படி ஆடினார்கள், யார் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், புதிதாக யார் சேர்ந்தார்கள் என்று பார்த்து நிருபர்கள் கணிக்கிறார்கள். ரசிகர்களுக்குப் பேச விஷயம் கிடைக்கிறது. தொலைக்காட்சிகளுக்கும் கொண்டாட்டம்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வெறும் பேச்சோடு நின்றால் ஒரு கெடுதலும் இல்லை.

ஆபர்ன் அணிக்கு நேர்ந்தது

2004ஆம் ஆண்டு சீசனுக்கு முன் வந்த பட்டியலில் சதர்ன் கலிபோர்னியா முதலிடம். ஓக்லஹோமா இரண்டாமிடம். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கு 17ஆம் இடம்.

ஓட்டுப் போடுபவர்களிடம் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. தோற்ற அணியைக் கீழே இறக்குவார்கள். தோற்காத அணியை அதே இடத்தில் விட்டுவைப்பார்கள். நம் ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னால் நிற்பவர் விலகினால்தான் பின்னால் இருப்பவர் நகர முடியும்.

அந்த ஆண்டு ஆபர்ன் ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. முன்னால் நின்ற 16 அணிகளில் 14 அணிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகளும் தோற்கவே இல்லை. தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்குத்தான் இடம். ஆபர்ன் மூன்றாமிடத்தில் நின்றுவிட்டது.

பிறகு நடந்தது என்ன? 2005 ஜனவரியில் நடந்த அந்த ஆட்டத்தில் சதர்ன் கலிபோர்னியா 55 - 19 என்று ஓக்லஹோமாவை நொறுக்கியது. வேறொரு போட்டியில் ஆடி வென்ற ஆபர்ன், 13 ஆட்டங்களில் 13 வெற்றி என்று சீசனை முடித்தது. கோப்பைக்காக மோதும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு ஆடக் கிடைப்பதே நான்கைந்து ஆண்டுகள். கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு அடுத்த சீசன் என்பதே இல்லை.

ஆபர்ன் மோதிய எதிரணிகளில் சில பலவீனமானவை என்றும் காரணம் சொல்லப்பட்டது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மற்ற காரணங்களுக்குப் பின்னால் ஆட்டங்களாவது இருந்தன. ஆகஸ்ட் மாத ரேங்க்குக்குப் பின்னால் ஒரு ஆட்டம் கூட இல்லை.

கம்ப்யூட்டர் எங்கே வந்தது?

1998 முதல் 2013 வரை இந்த இறுதி ஆட்டத்திற்கு அணிகளைத் தேர்வு செய்தது பவுல் சாம்பியன்ஷிப் சீரிஸ் என்ற ஏற்பாடு. மனிதர்களின் ஓட்டும், பல நிபுணர்கள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம்களின் ரேங்க்கும் அதில் கலக்கப்பட்டன.

2003ல் இந்தக் கலவை மூக்கறுபட்டது. நிருபர்களும் பயிற்சியாளர்களும் முதலிடம் கொடுத்த சதர்ன் கலிபோர்னியா, மொத்தக் கணக்கில் மூன்றாமிடத்திற்குப் போனது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் 35 - 7 என்று தோற்றிருந்த ஓக்லஹோமா முதலிடம் பிடித்தது. "பாழாய்ப்போன கம்ப்யூட்டர்" என்று எல்லாரும் திட்டினார்கள். அடுத்த ஆண்டே கணக்கை மாற்றி, மனித ஓட்டுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பங்கும் கொடுத்தார்கள். அந்த மாற்றத்தோடு வந்த முதல் சீசன்தான் ஆபர்ன் வெளியே நின்ற 2004. ஆளை மாற்றினாலும் கோளாறு தீரவில்லை.

சரி, அந்தப் புரோகிராம்களாவது ஒரே மாதிரி கணக்கு போட்டனவா? இல்லை. வெஸ்லி கோலி என்ற வானியற்பியலாளரின் முறையில் சீசன் தொடக்கத்தில் எல்லா அணிகளும் சமம். ரிச்சர்ட் பில்லிங்ஸ்லியின் முறையோ போன ஆண்டு முடிந்த இடத்தில் இருந்து தொடங்கியது. ஜெஃப் சாகரின், தொடக்கத்தில் ஒரு முன்மதிப்பை வைத்துக்கொண்டு, போதுமான ஆட்டங்கள் நடந்ததும் அதை நீக்கிவிடுவார். மூன்றுமே "கம்ப்யூட்டர் ரேங்க்" என்ற ஒரே பெயரில் வந்தன. உள்ளே இருந்தவை மூன்று மனிதர்களின் மூன்று கருத்துகள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதைப் படித்தால் மட்டும் போதாது. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் அணியின் பெயர். இரண்டாவதில் தொடக்க மார்க். மூன்றாவதில் வெற்றிகளின் எண்ணிக்கை. முதல் அணிக்கு 90, இரண்டாவது அணிக்கு 60 என்று தொடக்க மார்க் கொடுங்கள். நான்காவது கட்டத்தில் = குறி போட்டு, தொடக்க மார்க் உள்ள கட்டத்தைக் க்ளிக் செய்து, + போட்டு, வெற்றிகள் உள்ள கட்டத்தைக் க்ளிக் செய்து, *2 என டைப் செய்து என்டர் தட்டவும். ஒரு வெற்றிக்கு 2 மார்க் என்று அர்த்தம். இப்போது இரண்டு அணிகளுக்கும் 12 வெற்றி கொடுங்கள். ஒன்றுக்கு 114, மற்றதற்கு 84. இரண்டும் தோற்கவே இல்லை. ஆனாலும் 30 மார்க் இடைவெளி அப்படியே இருக்கிறது. அந்த 30ஐ மைதானத்தில் யாரும் சம்பாதிக்கவில்லை. நீங்கள் டைப் செய்தது அது.

அடுத்து இன்னொரு கணக்கு. வெற்றிகளோடு 1 கூட்டி, அதை ஆடிய ஆட்டங்களோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்கவும். கோலியின் முறைக்கு இதுதான் அடிப்படை. எதிரணிகளின் பலத்தை அவர் இதற்கு மேல் சேர்ப்பார். ஆட்டமே நடக்காதபோது எந்த அணிக்கும் 1/2, அதாவது 0.5. ஒரு ஆட்டம் ஆடி வென்றால் 2/3. பன்னிரண்டிலும் வென்றால் 13/14, சுமார் 0.929. இரண்டு அணிகளுக்கும் அதே மார்க். கம்ப்யூட்டர் ஒன்றுதான், வெற்றிகளும் ஒன்றுதான். தொடக்கத்தை மாற்றியதும் முடிவு மாறிவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கணிப்பே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் கையில் எந்தத் தகவலும் இல்லாதபோது, போன ஆண்டு ஆட்டத்தை வைத்துக் கணிப்பது புத்திசாலித்தனம்தான். எல்லாரும் சமம் என்ற தொடக்கமும் உண்மை அல்ல. ஆனால் கணிப்பு என்பது கைமாத்துக் கடன் மாதிரி. சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டங்கள் நடக்க நடக்க முன்மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரும்படி ஒரு புரோகிராமுக்குச் சொல்லிவிடலாம். அது மறக்காமல் செய்யும். மனித மனதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகஸ்ட்டில் "இவன் கெட்டிக்காரன்" என்று முடிவு கட்டினால் நவம்பரிலும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம். இந்த இடத்தில் நான் கம்ப்யூட்டர் பக்கம்.

கணிப்பு எவ்வளவு சறுக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள். 2007ல் 5ஆம் இடத்தில் தொடங்கிய மிச்சிகன், தன் சொந்த மைதானத்தில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணியிடம் முதல் ஆட்டத்திலேயே 34 - 32 என்று தோற்றது. 2010ல் 22ஆம் இடத்தில் தொடங்கிய அதே ஆபர்ன் சாம்பியன் ஆனது. 2012ல் முதலிடத்தில் தொடங்கிய சதர்ன் கலிபோர்னியா, 7 வெற்றி 6 தோல்வியுடன், முதல் 25க்குள்ளேயே வராமல் முடித்தது.

பவுல் சாம்பியன்ஷிப் சீரிஸ் முடிந்து, 2014 சீசனில் இருந்து 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வந்தது. சீசன் பாதிக்கு மேல் நடந்த பிறகே இது முதல் பட்டியலைப் போடுகிறது. இது நல்ல மாற்றம். ஆனால் கணிக்கும் ஆசை போகவில்லை. 2023ல் 13 ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா ஸ்டேட் அணிக்கு நான்கு இடங்களில் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. முக்கிய ஆட்டக்காரர் காயம் அடைந்ததால், இனி முன்பு போல ஆடமாட்டார்கள் என்று குழு முடிவு செய்தது. அடுத்த ஆகஸ்ட்டில் நிருபர்கள் அதே அணிக்கு 10ஆம் இடம் கொடுத்தார்கள். அந்த சீசனில் அது வென்றது வெறும் 2 ஆட்டம். தோற்றது 10. 2024 சீசனில் இருந்து 12 அணிகளுக்கு இடம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆபர்ன் மாதிரி ஓர் அணி இன்று வெளியே நிற்க வாய்ப்பு மிகக் குறைவு. கோளாறான கணக்கைத் திருத்துவதைவிடக் கதவை அகலமாக்குவது சுலபம் என்று நினைத்தார்கள் போலும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இனி எந்த ரேங்க் பட்டியல் திரையில் வந்தாலும், அது அணியோ கல்லூரியோ செல்போனோ, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் இருந்து தொடங்கினார்கள்? புதிய தகவல் வர வர அந்தத் தொடக்கம் மறைகிறதா? கணக்கை வெளியே காட்டுகிறார்களா?

மூன்றாவது கேள்வி முக்கியம். 2010ல் கோலியின் இறுதிப் பட்டியலில் ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு விடுபட்டுப் போனது. அதனால் லூசியானா ஸ்டேட், பாய்ஸி ஸ்டேட் அணிகள் மொத்தப் பட்டியலில் 10, 11ஆம் இடங்களில் தலைகீழாக நின்றன. வெளியில் இருந்த ஒருவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துத் தவறைக் கண்டுபிடித்தார். அப்போதிருந்த ஆறு கம்ப்யூட்டர் ரேங்க்குகளில் தன் முறையை முழுமையாக வெளியிட்டவர் கோலி ஒருவர்தான். மற்ற ஐந்தில் தவறு இருந்திருந்தால் வெளியில் இருந்து கண்டுபிடித்திருக்க வழியில்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஆகஸ்ட்டில் கல்லூரி புட்பால் பட்டியல் வந்ததும் 25 பெயர்களையும் எக்ஸெல் பைலில் டைப் செய்து, தேதி போட்டு சேவ் செய்து வையுங்கள். ஜனவரியில் சீசன் முடிந்ததும் இறுதிப் பட்டியலைப் பக்கத்துக் கட்டத்தில் டைப் செய்து, எத்தனை பெயர் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.