கேட்டபின் நிகழும் பேச்சு

1996ஆம் ஆண்டின் இறுதியில் புதுதில்லி அகில இந்திய வானொலிக்கு, சுவரொட்டி அளவிலான தாளில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று வந்துசேர்ந்தது. அனுப்பியவர்கள் உத்தரப் பிரதேசத்திலுள்ள லுட்சான் என்னும் சிற்றூரின் மக்கள். 'தின்கா தின்கா சுக்' என்ற இந்தி வானொலித் தொடர்நாடகத்தில், பூனம் என்னும் இளம் மருமகள் வரதட்சணைக் கொடுமை தாளாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்தப் பகுதிகளைக் கேட்ட ஊரார், இனி வரதட்சணை கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை என உறுதி கூறினர். 184 பேர் அக்கடிதத்தில் கையொப்பமிட்டிருந்தனர்.

தொடர்பியல் பயிலும் மாணவர்களுக்கு இக்கடிதம் புதிதன்று. மகிழ்வூட்டல் வழிக் கல்வி பற்றிய பாடம் எதுவும் இதைச் சுட்டாமல் கடப்பது அரிது. ஆயினும் வகுப்பறையில் இது பெரும்பாலும் ஒரு விளைவுச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது: நாடகம் ஒலிபரப்பானது, மக்கள் கேட்டனர், மனம் மாறினர், எழுதினர். இந்த நான்கு படிகளுக்கு நடுவே முதன்மையான ஒன்று விடுபட்டுப்போகிறது. 184 பேர் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டுமாயின், அதற்குமுன் அவர்கள் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டும். பூனம் ஏன் இறந்தாள், அவள் மாமியார் செய்தது எத்தகையது, அவளுடைய பிறந்தகத்தார் என்ன செய்திருக்கலாம், இப்படியொரு வீடு நம் தெருவில் இல்லையா என்பன போன்ற வினாக்கள் எழாமல் அத்தகைய உறுதிமொழி உருவாகாது. வரதட்சணைக்கு எதிரான கருத்தை நாடகம் தந்தது. ஆனால் ஊராகக் கூடி உறுதி ஏற்பது என்னும் முடிவை எடுத்தவர்கள் கேட்டவர்களே.

இதனைக் களத்திற்குச் சென்ற ஆய்வாளர்களும் கண்டனர். அரவிந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் உள்ளிட்டோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நேயர்கள் தம்முள் நிகழ்த்திய உரையாடலே கூட்டாகச் செயற்பட முடியும் என்ற நம்பிக்கையை வளர்த்தது என்று விளக்குகிறது. அதே கட்டுரை இன்னொன்றையும் மறைக்காமல் கூறுகிறது. மாற்றம் நேர்கோட்டில் நிகழவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே முரண்கள் இருந்தன. பழைய அதிகார அமைப்புகள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பாடநூல்களுக்குள் நுழையும்போது கடிதம் தங்கிவிட, முரண்கள் உதிர்ந்துபோனமை எண்ணத்தக்கது.

நேயர் பேச்சை விளைவாக மட்டும் அளப்பதில் உள்ள குறை இங்கேதான் தொடங்குகிறது. 'இந்நாடகம் உங்கள் மனப்பான்மையை மாற்றியதா?' என்று கேட்கும் வினாநிரலுக்கு நேயர் ஒரு பாத்திரம். செய்தி அதனுள் எவ்வளவு ஊற்றப்பட்டது என்பதே அதன் கணக்கு. ஆனால் நேற்றைய பகுதியைப் பற்றி இன்று காலை பேசிக்கொள்ளும் மக்கள் உண்மையில் செய்வது திறனாய்வு. இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யுமா, ஆசிரியர் இவளுக்கு நீதி செய்தாரா, நம் ஊரில் இது நடக்குமா என்று அவர்கள் எடைபோடுகின்றனர். கதையின் நம்பகத்தன்மையையும் வாழ்க்கையின் நியாயத்தையும் ஒரே மூச்சில் விசாரிக்கின்றனர். இலக்கியத் துறையில் இதே செயலை அறிஞர் செய்தால் அது கட்டுரையாகிறது. சிற்றூரார் செய்தால் தரவாகிறது.

இந்த வேறுபாடு இயல்பானதன்று என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்' 1951 சனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகிவரும் கிராமத் தொடர்நாடகம். போருக்குப் பிந்தைய உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் உழவர்களுக்கு வேளாண் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் நோக்குடன் தோன்றியது. ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமமே அதன் களம். இன்று 20,000 பகுதிகளைக் கடந்துவிட்டது. 1955இல் கிரேஸ் என்னும் பாத்திரம் தீயில் இறந்தபோது, உறவினரை இழந்தவர்களைப் போல நேயர்கள் துயருற்றனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஹெலன் என்னும் பெண், தன் கணவன் ராபினால் மெல்ல மெல்ல அடக்கியாளப்படும் கதை ஏறத்தாழ இரண்டரை ஆண்டு நீண்டது. வன்சொல், தனிமைப்படுத்தல், பணத்தைக் கையில் வைத்திருத்தல் என அது மெதுவாக இறுகியது. 2016 ஏப்ரலில் அவள் அவனைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் நடுவர் குழு அவளைக் குற்றமற்றவள் என்றது. இத்தகைய அடக்குமுறை இங்கிலாந்திலும் வேல்சிலும் தனிக்குற்றமாக நடைமுறைக்கு வந்தது 2015 டிசம்பரில்தான். நேயர் ஒருவர் தொடங்கிய நிதித்திரட்டல், வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவ ஒரு இலட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தது. அதே 2016இல், அத்தொடரின் நேயர்களாகிய பல்துறை அறிஞர்கள் மாநாடு கூட்டி, ஆம்பிரிட்ஜைப் பற்றிய ஆய்வுரைகளைப் படிக்கத் தொடங்கினர்.

அந்நேயர்கள் இந்திய நேயர்களைவிடக் கூர்மையானவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களுக்குக் காலம் கிடைத்தது. பாட்டி கேட்ட நாடகத்தைப் பேத்தியும் கேட்கிறாள். ஆகவே 'முன்பு இவள் இப்படிப் பேசமாட்டாளே' என்று எழுத்தாளரை மடக்கும் நினைவு நேயரிடம் சேர்ந்திருக்கிறது. 'தின்கா தின்கா சுக்' 104 பகுதிகளில், ஓராண்டு அளவில் முடிந்தது. 2002இல் பீகாரிலும் அண்டை மாநிலங்களிலும் ஒலித்த 'தாரு' 52 பகுதிகளோடு நின்றது. தாருவைக் கேட்ட பீகாரின் இளையோர் குழுக்கள் சிலவற்றில், ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் அமர்ந்து பேசியதே புதுமையாக இருந்தது. ஓர் ஊரில், நாடகத்தில் வரும் நேகாவைப் பின்பற்றி, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குக் குழுவினர் பள்ளி தொடங்கினர். பேச்சு சூடுபிடித்த வேளையில் நாடகம் முடிந்தது. திட்டத்திற்கு இறுதி நாள் உண்டு, ஊருக்கு இல்லை.

பேச்சின் அருமையை இந்தியா அறியாதிருந்தது என்றும் கூற இயலாது. 1956இல் புணே வானொலி நிலையத்தை மையமாகக் கொண்டு, மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 ஊர்களில், யுனெசுகோ துணையுடன் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் கூடிக் கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்பினர். நிலையம் மறுமொழி ஒலிபரப்பியது. அங்கே பேச்சு, நிகழ்ச்சியின் ஓர் உறுப்பாகவே இருந்தது. பிற்காலத் தொடர்நாடகங்களில் அந்த மறுமொழிப் பாதை மெலிந்து, மதிப்பீட்டு அறிக்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கேட்போர் குழுக்களின் பேச்சு எப்போதும் தூயதன்று. ஆய்வாளர் வந்திருக்கும்போது மக்கள் அவருக்கு உவப்பானதைச் சொல்வர். குழுவிலும் மேல்சாதியினரின், மூத்த ஆண்களின் குரலே ஓங்கும். இது மெய். ஆனால் இம்மறுப்பு, பேச்சை இன்னும் நெருங்கிக் கேட்க வேண்டிய தேவையையே காட்டுகிறது. யார் பேசினார், யார் குறுக்கிட்டார், எந்த இடத்தில் பெண்கள் சிரித்தனர், எந்த இடத்தில் வாயடைத்து இருந்தனர் என்பவற்றை ஐந்து புள்ளி அளவுகோல் பதிவு செய்யாது. பொறுமையான செவிதான் பதிவு செய்யும்.

இப்பொறுமைக்கு இடமளிக்கக்கூடிய நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களே. கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த 2002இல் அரசு வழிவிட்டது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வளாக வானொலியைத் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அவ்வாய்ப்பு விரிந்தது. கையில் ஒலிபரப்பியும் அருகில் ஊரும் உள்ள ஒரு துறை, வாரம் பதினைந்து நிமிட நாடகத்தை மாணவர் தலைமுறை மாறினாலும் நிறுத்தாமல் நடத்தலாம். அடுத்த நாள் பேச்சைப் பதிவு செய்து, அதற்கேற்பக் கதையைத் திருத்தலாம். நேயர் கடிதங்களை எண்ணிக்கையாகச் சுருக்காமல் முழு வாசகங்களாகக் காக்கலாம். அடுத்த ஆய்வேடு பூனத்தின் கதையால் எத்தனை பேர் மாறினர் என்று மட்டும் கேட்காமல், அவள் சாகத்தான் வேண்டுமா என்று ஊரார் எவ்வாறு வாதிட்டனர் என்பதையும் கேட்குமாயின், லுட்சான் மக்களின் கடிதம் உரிய முறையில் படிக்கப்பட்டதாகும்.