பிள்ளையின் அடமும் பெற்றோரின் மனமும்

"என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. எதற்கெடுத்தாலும் அடம். தொட்டதற்கெல்லாம் அழுகை!"

இப்படிக் குறைப்படாத வீடு இல்லை. பிள்ளையை அதட்டுகிறோம், அடிக்கிறோம், திருநீறு மந்திரித்துப் பூசுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. பெற்றவர்களின் மனம் நன்றாக இருக்கிறதா? அதுதான் அந்தக் கேள்வி.

அசையாத முகம்

அமெரிக்காவில் எட்வர்டு டிரானிக் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் விவரம் 1978-ல் வெளிவந்தது.

ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சில நிமிடம் சிரிக்காமல், பேசாமல், முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை என்ன செய்தது தெரியுமா? முதலில் சிரித்துக் காட்டியது. கையை நீட்டியது. தாய் அசையவில்லை. குழந்தை சிணுங்கியது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது!

இது சில நிமிட நடிப்புதான். மனச்சோர்வு என்ற நோய் வந்த வீட்டில், இந்த நிலை மாதக் கணக்கில் நீடிக்கலாம். பெற்றவர்களின் கவனத்தைப் பெறப் பிள்ளை வேறு வழி தேடுகிறது. சாமானை உடைக்கிறது, தம்பியை அடிக்கிறது. நாம் அதை விஷமம் என்கிறோம்.

தாய் தேறினாள், பிள்ளையும் தேறியது

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிர்னா வைஸ்மன் குழுவினர் 2006-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மனச்சோர்வுள்ள தாய்மாருக்குச் சிகிச்சை தரப்பட்டது. 3 மாதம் கழித்து அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தார்கள். 7 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் அவர்கள்.

மனக்கோளாறு இருந்த பிள்ளைகளில், தாய் குணமான வீடுகளில் 100-க்கு 33 பேர் தேறினர். தாய் குணமாகாத வீடுகளில் 100-க்கு 12 பேர்தான் தேறினர். ஆராய்ச்சியில் சிகிச்சை பெற்றது தாய். பலன் பிள்ளைக்கும் கிடைத்தது!

பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. அங்கே டாக்டர்கள் அல்ல, கிராமத்துச் சுகாதார ஊழியப் பெண்களே வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு முறையாகப் பேசினர். 2008-ல் முடிவு வெளிவந்தது. குழந்தை பிறந்து 6 மாதத்தில், அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 100-க்கு 23 பேருக்கே மனச்சோர்வு இருந்தது. மற்றவர்களில் 53 பேருக்கு இருந்தது. தாயும் தகப்பனும் குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியது.

செய்வதில் மனம்

ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979-ல் நோயாளிகளுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். செய்கிற காரியத்திலேயே மனத்தை வைப்பது. ஓடும் மனத்தைத் திட்டாமல் திரும்ப அழைத்து வருவது. இவ்வளவுதான். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இவ்வகைப் பயிற்சி தரலாம் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டிகள் 2004-ல் சொல்லின.

நம் வீட்டில் நடப்பது என்ன? பிள்ளை பள்ளிக்கதை சொல்கிறது. தகப்பனாரின் கண் செல்போனில். மனம் கடன் கணக்கில். தினம் பத்து நிமிடம் செல்போனை வைத்துவிட்டு அதன் முகம் பார்த்துக் கேளுங்கள். கோபம் வந்தால், கை ஓங்கும் முன் மூன்று முறை மூச்சை இழுத்து விடுங்கள்.

யாரையும் பழிக்காதீர்கள்

"எல்லாம் தாயின் குற்றம்" என்று சொல்லிவிடக் கூடாது. தகப்பனுக்கும் இந்த நோய் வரும். அடங்காத பிள்ளையால் பெற்றவர்கள் சோர்வதும் உண்டு. வறுமை, குடி, வீட்டுச் சண்டை இவையும் காரணம். மனச்சோர்வு சோம்பல் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. அது ஒரு நோய். சிகிச்சை உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம், தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறோம். பெற்றவர்களின் மனத்துக்கு நோய் என்றாலும் ஓட வேண்டும். அது பிள்ளைக்குச் செய்யும் வைத்தியமும் ஆகும்.