வாகைகுளத்துல ஓடுபாதை ரெடி, விமானம் எங்க அண்ணாச்சி?

எங்க கடையம் பக்கத்துல இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் ஆரியங்காவு மலையைத் தாண்டி திருவனந்தபுரத்துலதான் விமானம் ஏறுறாங்க. கிழக்கால நம்ம தூத்துக்குடி வாகைகுளம் இருக்கே, அங்க ஏன் போறதில்ல? ரொம்ப நாளா சொன்ன காரணம் ஓடுபாதை. நீளம் 1,350 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும்.

இப்ப அந்தச் சாக்கு செல்லாது மக்களே. ஓடுபாதை 3,115 மீட்டர் ஆயிடுச்சு. சுமார் 450 கோடி ரூபாய்ல கட்டின புது முனையத்தை 2025 ஜூலை 26 அன்னிக்கு பிரதமர் திறந்து வச்சார். வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வந்து போகலாமாம். சந்தோஷம்தான். ஆனா பெரிய சர்வரா வாங்கி வச்சுட்டு அதுல ஒரே ஒரு கால்குலேட்டரை ஓட்டுற கதையா ஆயிடக் கூடாது :-)

ஏர் இந்தியா அரசாங்கத்துக்கிட்ட இருந்தவரை எம்.பி.கிட்ட மனு கொடுத்து நச்சரிக்கலாம். 2022 ஜனவரியில அது டாடா கைக்குப் போயாச்சு. இனி எந்த ரூட்டுன்னு லாபக் கணக்குதான் முடிவு பண்ணும். அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா முனையம் கட்டினது பொதுப்பணத்துல. கட்டடத்தோட வேலை முடிஞ்சதுன்னு அரசாங்கம் ஒதுங்கக் கூடாது. உடான் திட்டத்துல சின்ன ஊர் ரூட்டுகளுக்கு விழுற துண்டை அரசு ஈடுகட்டுதுல்ல? அதே மாதிரி இங்கிருந்து துபாய்க்கு விட முன்வர்ற கம்பெனிக்கும் முதல் ரெண்டு வருஷம் கை கொடுக்கட்டும்.

பொட்டி கட்டிக்கிட்டு நிக்கிற கடையத்துக்காரன் மேற்கால போகாம கிழக்கால வண்டியைத் திருப்பணும். அன்னிக்குத்தான் அது நம்ம ஏர்போர்ட்டு.