ஓடாதா, ஓட விடவில்லையா?

“லினக்ஸா? அதுல கேம் ஓடாதே!” கடலூர் மாவட்டத்தில் மேல்பட்டாம்பாக்கம் முதல் நெய்வேலி டவுன்ஷிப் வரை எந்தக் கல்லூரி மாணவரிடம் பேச்சைத் தொடங்கினாலும் முதலில் வந்து விழுவது இந்த வாக்கியம்தான். மாணவர், கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர், பாடம் நடத்தும் ஆசிரியர் என எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் விஷயங்கள் தமிழ்நாட்டில் குறைவு. இது அவற்றில் ஒன்று. அரசு தரும் மடிக்கணினியில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வருகின்றன. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டும் வரிசையாக வந்து, எதற்குள் போகிறாய் என்று சில நொடிகள் காத்து நிற்கும். அந்தப் பட்டியலில் லினக்ஸ் வரியை முதல் வாரத்திலேயே அழித்துவிடுகிறவர்கள் ஏராளம். ‘கேம் ஓடாததுக்கு எதுக்கு இடம்?’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது என்பதுதான் என் வாதம். இன்று லினக்ஸில் ஆட முடியாத கேம்களில் பெரும்பாலானவை ஓடும் வலு இல்லாமல் நிற்கவில்லை. ஓட விடாமல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. முன்னது இயந்திரத்தின் குறை, பின்னது ஒரு கம்பெனியின் முடிவு.

நம்பிக்கை பொய்யாகப் பிறக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐடி சாஃப்ட்வேரின் டூம் கேம் 1994-லேயே லினக்ஸுக்கு வந்ததுதான். ஆனால் விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்பதையே தொழிலாக எடுத்த லோக்கி என்ற நிறுவனம் 1998-ல் தொடங்கி 2002 தொடக்கத்தில் மூடிவிட்டது. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை லினக்ஸில் கிடையாது. அது வந்தது 2013 பிப்ரவரியில். ஆகவே அன்று மடிக்கணினி வாங்கிய அண்ணன் ‘ஓடாது’ என்று சொன்னது நியாயம். தம்பி அதையே இன்றும் சொல்வதுதான் சிக்கல். போதாக்குறைக்கு, கிராபிக்ஸ் கார்டே இல்லாத மலிவுப் பெட்டியில் பெரிய கேம் திணறினால், அந்தப் பழியும் லினக்ஸ் தலையில் விழுந்தது. அதே பெட்டியில் விண்டோஸிலும் அது திணறத்தான் செய்யும்.

நடுவில் என்ன நடந்தது? புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் உவமைக்கு அலைய வேண்டாம்: பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை செய்த துபாஷி வேலை, அதாவது மொழிபெயர்ப்பு வேலை, நடந்தது. விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட கேம், ‘இந்தக் கோப்பைத் திற, இவ்வளவு நினைவகம் கொடு, இந்த முக்கோணத்தை வரை’ என்று விண்டோஸ் பாஷையில் கேட்டுக்கொண்டே இருக்கும். 1993-ல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள் அந்தக் கேள்விகளை வாங்கி லினக்ஸின் பாஷையில் சொல்லும். படம் வரையும் விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸிலும் செல்லும் வல்கன் கட்டளைகளாக மாற்ற 2018-ல் டிஎக்ஸ்விகே வந்தது. இரண்டையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. இது போலிக் கணினியை உருவாக்கி அதற்குள் கேமை ஓட்டும் வேலை அல்ல. கேமின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றுகிறது. புரோட்டான் வழியாக ஓடிய ஒரு கேமின் கோப்புறையைத் திறந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு ‘சி டிரைவ்’ கட்டிக் கொடுத்திருப்பார்கள். உள்ளே விண்டோஸ் என்றொரு அறை, அதற்குள் சிஸ்டம்32, பயனர் பெயர் ‘ஸ்டீம்யூசர்’. தான் விண்டோஸ் வீட்டில்தான் குடியிருப்பதாக நம்பிக்கொண்டு கேம் பாட்டுக்கு ஓடும்.

பெயருக்கு ஓடுகிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி லினக்ஸில்தான் இயங்குகிறது. (இந்தியாவில் அதை நேரடியாக விற்காதது தனி வருத்தம்.) அதே மாதம் வந்த எல்டன் ரிங் கேம், விண்டோஸில் விட்டுவிட்டுத் திணறியபோது, வால்வ் தன் பக்கத்தில் செய்த திருத்தத்தால் ஸ்டீம் டெக்கில் சீராக ஓடியது. துபாஷி எஜமானரைவிட நன்றாகப் பேசிய கதை. 2025-ல் லெனோவோ தன் லீஜியன் கோ எஸ் கருவியை விண்டோஸ், வால்வின் லினக்ஸான ஸ்டீம் ஓஎஸ் என இரு வகையாக விற்றது. விமர்சகர்கள் இரண்டிலும் ஒரே கேம்களை ஓட்டிப் பார்த்தபோது பலவற்றில் லினக்ஸ் பக்கமே வேகம் கூடியிருந்தது. குறை இல்லாமல் இல்லை. கேமை முதல்முறை திறக்கும்போது ‘வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன’ என்று ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய பெட்டியில் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சில கேம்களுக்குப் புரோட்டானின் வேறு பதிப்பைத் தேடிப் போட வேண்டியிருக்கும். இவை தொல்லைகள்தான். தொல்லையை ‘ஓடாது’ என்று மொழிபெயர்ப்பது தப்பு.

இனி உண்மையிலேயே நின்றுபோனவற்றைப் பார்ப்போம். ஜிடிஏ ஆன்லைன் பல ஆண்டுகள் லினக்ஸில் ஓடியது. 2024 செப்டம்பரில் ராக்ஸ்டார் அதில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சேர்த்தது. மறுநொடி லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். கதைப் பகுதி மட்டும் அதே கணினியில் இன்றும் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022 முதல் ஸ்டீம் டெக்கில் ஓடி, 2024 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டது. ஓடவே முடியாத ஒன்றை யாராவது நாள் குறித்து நிறுத்துவார்களா? பேட்டில்ஐ லினக்ஸை ஏற்கும் என்று 2021-லேயே அறிவித்தாகிவிட்டது. கேம் கம்பெனி கேட்டுக்கொண்டால் போதும். கேட்காத கம்பெனிகளின் பெயரால் வரும் பழியை ஏன் லினக்ஸ் சுமக்க வேண்டும்?

ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். குறிபார்க்காமலே சுட்டு வீழ்த்தும் மென்பொருளோடு ஒருவன் வந்து உட்கார்ந்தால் மற்ற அத்தனை பேரின் மாலையும் பாழ். லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறவர்கள் இருந்தார்கள் என்று ஏபெக்ஸ் தரப்பு சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பிலேயே, அங்கு நேர்மையாக ஆடுகிறவர்களின் எண்ணிக்கையையும் எடைபோட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதாவது ஆள் குறைவு, செலவுக்குக் கட்டாது. கணக்கு அவர்களுடையது, போட்டுக்கொள்ளட்டும். அதைத் தொழில்நுட்ப விதி போல நாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. டோட்டா 2, கவுண்டர்-ஸ்டிரைக் 2 இரண்டும் முறையாகவே லினக்ஸில் வருகின்றன. இன்னொன்று: வாலரண்ட் கேம் கேட்பது போல இயங்குதளத்தின் கருவறையான கெர்னலுக்குள்ளேயே ஒரு கம்பெனிக்கு இடம் கொடுப்பதன் விலை என்ன என்று 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு பழுதான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் உறையவைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பாதுகாப்பு மென்பொருள், கேம் அல்ல. ஆனால் கேட்கும் இடம் அதே கருவறைதான்.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல்தானே, பிஜிஎம்ஐ கேம் அதில் ஓடவில்லையா என்று லினக்ஸ்காரர்கள் சிலர் எதிர்க்கேள்வி போடுவார்கள். அது பாதி வாதம். ஆண்ட்ராய்டு போனைக் கம்பெனிகள் நம்புவது கெர்னலைப் பார்த்து அல்ல, போனின் இயங்குதளத்தை மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து. ஆனால் அந்தப் பாதி வாதமே பிரச்சினை எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. கருவியின் சாவி அதை வாங்கியவன் கையில் இருந்தால் லினக்ஸ் ஆகாது. தயாரித்தவன் கையில் இருந்தால் அதே லினக்ஸ் ஆகும்.

‘நண்பர்கள் எல்லாம் வாலரண்ட் ஆடும்போது நான் மட்டும் தனியாக என்ன செய்ய?’ என்ற கேள்விக்கு என்னிடம் சவடாலான பதில் இல்லை. அப்படிக் கேட்கிறவர்கள் தொடக்கத் திரையின் விண்டோஸ் வரியிலேயே நுழைந்து ஆடட்டும். அதற்காக இன்னொரு வரியை அழிக்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் கேள்வி. ஸ்டீமில் லினக்ஸ்காரர்களின் பங்கு 2025 அக்டோபரில்தான் முதல் முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்ட மாதமும் அதுதான். அழிக்கப்படும் ஒவ்வொரு லினக்ஸ் வரியும், ஆள் குறைவென்று கதவைச் சாத்துகிறவர்களின் பக்கத்துக் கணக்கில்தான் சேரும்.

கடைசியாக நம் வீட்டுக்குள் இருக்கும் குற்றவாளிகள். ‘லினக்ஸ் படிப்புக்கு, புரோகிராம் எழுத, சர்வருக்கு, விளையாட்டுக்கு அது இல்லை’ என்று பெருமையோடு சொல்லிவரும் லினக்ஸ் ஆர்வலர்களைத்தான் சொல்கிறேன். பாஸ் லினக்ஸைச் சமர்த்துப் பிள்ளையாக்கி மூலையில் உட்காரவைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடக் கணினிகள் நெடுங்காலமாக லினக்ஸில் ஓடுகின்றன. தொடக்க வகுப்புக் கணினிப் பாடநூலின் பெயரே ‘களிப்பெட்டி’, அதாவது விளையாட்டுப் பெட்டி. அந்தக் குழந்தைக்கு லினக்ஸில் கேம் ஓடாது என்று யாராவது சொன்னால் சிரிக்கும். நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகும் ரயில் பாதையின் ஒரு முனையில், விழுப்புரத்தில், ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வருகிறது.

அவர்களைப் போன்றவர்கள் கையில் எடுக்கத்தக்க விளையாட்டு ஒன்று உண்டு: மைன்டெஸ்ட் என்று அறியப்பட்டு, 2024 அக்டோபரில் லுவாண்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கட்டை கட்டையாக நிலத்தைத் தோண்டி, நிலக்கரி எடுத்து, வீடு கட்டும் விளையாட்டு. சுரங்கத்தால் வாழும் நெய்வேலிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். இலவசம், கிராபிக்ஸ் கார்டு கேட்காது, மூலநிரல் திறந்து கிடக்கிறது. அதன் அமைப்புகளில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கென்று ஒரு வரி இருக்கிறது, மதிப்பு 9.81. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் பிள்ளை அதை 1.62 என்று மாற்றிச் சேமித்துவிட்டு, மறுபடி உள்ளே போய் ஒரு குதி குதித்துப் பார்க்கலாம். நிலாவில் குதித்த மாதிரி இருக்கும்.