மொட்டை மாடிக்கு ஒரு பாகப்பிரிவினை

சென்ற இதழில் சமையலறை அலமாரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "அலமாரியெல்லாம் இருக்கட்டும். எங்கள் அடுக்குமாடி வீட்டில் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாலு செடி வைக்கிறேன் என்றால் செயலாளர் சண்டைக்கு வருகிறார். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நியாயம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சென்னையில் எங்கள் மாடிக்குப் பூட்டு விழக் காரணமே நான்தான்!

எட்டு வீடுகள் உள்ள கட்டடம் எங்களுடையது. 2015-ல் எனக்குத் தோட்ட ஆசை பிடித்தது. ஆசை யாரை விட்டது? பழைய பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து, செம்மண்ணை நிரப்பி, வெண்டை, கத்தரி, முருங்கை என்று நட்டுத் தள்ளினேன். இடம் பார்த்தா வைத்தேன்? மூலையில் வசதியாக இருக்கிறதே என்று, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை ஒட்டியே நாலு டிரம்.

அந்த வருஷம் நவம்பரில் பெய்த மழையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டீர்கள். உதிர்ந்த இலையும் கரைந்த மண்ணும் குழாயை அடைத்துக்கொண்டன. மாடி குளமாகிவிட்டது. மூன்றாம் நாள் காலை, மேல் வீட்டு அக்கா என் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, உன் செடிக்குத் தண்ணி விட்டியா, இல்ல எங்க வீட்டுக் கட்டிலுக்கு விட்டியா? வந்து பாரு!"

போய்ப் பார்த்தேன். கூரைப் பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்து கிடந்தது. பேரப்பிள்ளை எழுந்து பல் தேய்க்கப் போயிருந்தானாம். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அன்றைக்கே பூட்டு. அப்புறம்தான் மொட்டை மாடியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. போர்வை காயப்போட இடமில்லை. வடாம் இல்லை, மிளகாய் உலர்த்தல் இல்லை. சாயங்காலம் நடை போய்க்கொண்டிருந்த சர்க்கரை வியாதிக்காரப் பாட்டி, வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போனார்.

நாலு மாதம் கழித்து, ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு அக்காவிடமே போனேன். "நீங்கள் சொல்கிற இடத்தில்தான் தொட்டி வைப்பேன்" என்றேன். அவரும், எங்களுக்குத் தெரிந்த ஒரு பொறியாளரும், நானும் மாடி ஏறினோம். அன்று தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் பங்கு தண்ணீருக்கு

மொட்டை மாடி நமக்குத் தரையாக இருக்கலாம். கீழே இருப்பவருக்கு அது கூரை. இதை மறந்ததுதான் நான் செய்த தப்பு.

1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் சேரும். குழாய் அடைத்து 5 செ.மீ. தண்ணீர் தேங்கினால் நாலரை டன் பாரம்! அதனால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அந்த வாட்டத்தில் குறுக்கே எதையும் வைக்காதீர்கள். குழாய் வாயைச் சுற்றி மூன்று அடிக்குக் காலியாக விட்டு, வாயில் வலை போடுங்கள். தட்டோடுகளில் விரிசல் இருந்தால், அதை அடைத்த பிறகுதான் தோட்டம்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. உங்கள் மாடித் தண்ணீரும் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறதென்றால், எருத் தண்ணீர் அதில் கலக்காதபடி ஒவ்வொரு தொட்டியின் கீழும் தட்டு வையுங்கள். ஆனால் அந்தத் தட்டில் தண்ணீர் நிற்கவிடக் கூடாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள்.

பாரம் எவ்வளவு தாங்கும்?

ஒரு கன அடி ஈர மண் 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகளில் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. அதாவது சதுர அடிக்கு 14 கிலோ சொச்சம். மாடி முழுக்க ஓர் அடி உயரம் மண் கொட்டினால் மூன்று மடங்கு பாரம் ஏறிவிடும்! வெளிநாட்டுப் படங்களில் கூரை மேல் புல்வெளி பார்க்கிறோமே, அவை அந்தப் பாரத்துக்கென்றே கணக்குப் போட்டுக் கட்டியவை. அதைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

நமக்குத் தேங்காய் நார்த்தூள்தான் சரி. நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்து பைகளில் நிரப்பினால் பாரம் நன்றாகக் குறையும். பைகளை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல் வையுங்கள். அடியில் காற்றும் தண்ணீரும் போகும். கனமான தொட்டிகள் நடுவில் வேண்டாம். கீழே சுவரோ பீமோ இருக்கும் இடம் பார்த்து வையுங்கள். எந்த இடம் என்று தெரியாவிட்டால் ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.

மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா? கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டிப் போட்ட தளம் அது. அவர்கள் கை உழைப்புக்கு மரியாதையாக, அதன் மேல் தோட்டம் போடாதீர்கள். ஈரம் இறங்கினால் உத்தரம் உளுத்துப் போகும்.

யாருக்கு எந்த இடம்?

எங்கள் மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாகம் பிரித்தோம். காலை வெயில் படும் கிழக்கில் கீரை, தக்காளி, மிளகாய். மேற்கே, அக்காவின் படுக்கையறைக்கு நேர் மேலே அவரைப் பந்தல். கொடி படர்ந்ததும் அந்த அறையில் பிற்பகல் அனல் தணிந்துவிட்டது. "மத்தியானம் கண்ணசர முடியுது" என்று அவரே சொன்னார். தெற்கே துணிக்கொடி. படிக்கட்டு அறையின் நிழலில் பாட்டிக்கு ஒரு பெஞ்சு.

நடுவிடம் பொது. பங்குனி, சித்திரையில் வடாம். மற்ற நாளில் நடைக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும். ஆடியில் விதைத்தாலும் புரட்டாசி முடிவதற்குள் பைகளை ஓரம் கட்டி, குழாய்களைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

பிள்ளைகள் ஏறும் மாடி என்பதால் ஒரு எச்சரிக்கை. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பெஞ்சோ தொட்டியோ வைத்தால் அதுவே ஏணியாகிவிடும். சுவரின் மேலும் எதையும் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது, சுவர் மேல் அழகுக்காக வைத்திருந்த என் துளசித் தொட்டி தெருவில் போய் விழுந்தது. தெருவில் யாரும் இல்லாதது பகவான் புண்ணியம்.

இன்னொன்று. காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று சுவர் இடுக்கில் தலை நீட்டினால், "பாவம், பச்சையாயிருக்கே" என்று விடாதீர்கள். இரண்டு இலையில் பிடுங்கிவிட்டால் கையோடு வரும். விட்டுவிட்டால் சுவரோடுதான் வரும்!

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. செடியைக் கையில் எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போகாதீர்கள். சுண்ணாம்புக் கட்டியோடு போங்கள். அதற்கும் முன்னால், மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவரைப் பாருங்கள். அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் மாடிச் சாவி இப்போது அக்கா வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. காலையில் திறந்து முதல் கீரை பறிப்பதும் அவர்தான். ஐப்பசி பிறந்தால், நான் கேட்காமலே துடைப்பத்தோடு குழாய் வாயைப் பார்க்கப் போய்விடுகிறார்.