கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

"லஞ்ச் முடிஞ்சு வாங்க" என்று சொல்லும் வங்கி ஊழியரை வைத்து நம்மிடம் ஆயிரம் மீம்கள் உண்டு. நானும் பகிர்ந்திருக்கிறேன். 'ஆப் வந்தாச்சு, இனி கிளை எதுக்கு, ஆள் எதுக்கு?' என்று டீக்கடையில் நின்று பேசியிருக்கிறேன். மென்பொருள்காரனுக்கு அந்தத் திமிர் சுலபமாக வரும். இப்போது அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் கரூர்.

அமராவதிக் கரையில் இருக்கும் அந்த ஜவுளி ஊர் இரண்டு வங்கிகளைப் பெற்றெடுத்தது. 1916இல் கரூர் வைஸ்யா வங்கி. 1926இல், வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. சுற்றுவட்டாரத்து வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடன் கொடுப்பதுதான் நோக்கம். 1969இல் 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகள் அரசுடைமையானபோது, சிறியவை என்பதாலேயே இவை தப்பின.

இப்படிப்பட்ட வங்கிகளின் உண்மையான சொத்து லாக்கரில் இல்லை, ஊழியர்களின் மண்டைக்குள் இருந்தது. என் பெரியப்பா 31 வருடம் ஒரு சிறுநகரக் கிளையில் கிளார்க். எந்த வங்கி என்பது வேண்டாம். அவர் சொல்வார்: "ஐப்பசி மழைல பாவு போட முடியாதுடா, தறிக்குழில தண்ணி நிக்கும். அப்பப் போய் நெசவுக்காரன்கிட்ட தவணை கேக்கக் கூடாது. தை பொறந்தா அவனே வந்து கட்டிருவான்." நாங்கள் எழுதும் கடன் மென்பொருளில் ஐப்பசிக்கு ஒரு கட்டம் கிடையாது. 90 நாள் தவணை வரவில்லையா, வாராக்கடன். முடிந்தது கதை.

சரி, லட்சுமி விலாஸ் எப்படி விழுந்தது? நெசவாளிக்குக் கொடுத்த கடனாலா? லஞ்சுக்குப் போன கிளார்க்காலா? இல்லை. சிறுநகர வங்கியாக இருப்பதே கேவலம் என்று யாரோ முடிவு செய்தார்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கடன்கள் போயின. வாங்கியவனின் முகத்தை எந்தக் கிளையும் பார்த்ததில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. 2020 மார்ச்சில் நூறு ரூபாய்க் கடனில் 25 ரூபாய்க்கு மேல் வாராக்கடன்.

2020 நவம்பர் 17. ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பத்தே நாளில், 27ஆம் தேதி, சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைப்பு. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பித்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. 94 வருடப் பெயர் அழிந்தது.

அந்தப் பத்து நாளும் "எம் பணம் என்னாச்சு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது யார்? பெரிய கடனில் கையெழுத்துப் போட்டவர்களா? கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். தான் செய்யாத தப்புக்கு, தனக்குத் தெரிந்த முகங்களிடம் பதில் சொல்வதைவிடக் கொடுமை ஒரு வேலையில் உண்டா?

'சின்ன வங்கின்னா அப்படித்தான், ஊரே சின்னது' என்று சொல்லாதீர்கள். அதே ஊரில் பிறந்த கரூர் வைஸ்யா இன்றும் நடக்கிறது. தப்பு ஊரில் இல்லை.

இன்னொரு கேள்வி நியாயமானது. 'தெரிந்தவர்' என்பதில் சாதி இல்லையா? இருந்தது. மேனேஜருக்குத் தெரியாத கூலித் தொழிலாளி வாசலிலேயே நின்றார். ஆப் சாதி கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து, வாசலில் நின்றவரையும் தெரிந்துகொள்ளும் ஆளைக் கவுன்ட்டரில் உட்கார வைப்பது. நாம் என்ன செய்தோம்? யாரையுமே தெரியாத நிலையைக் கொண்டுவந்துவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தோம்.

சில வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகளை ஊர் மாற்றுகிறோம். ஓய்வு பெற்றவரின் நாற்காலியைக் காலியாகவே விடுகிறோம். இருக்கிற இரண்டு பேரை இன்சூரன்ஸ் விற்கச் சொல்கிறோம். அப்புறம் வரிசை நீளமாக இருக்கிறது என்று மீம் போடுகிறோம்.

அடுத்த முறை கிளைக்குப் போனால், மூடியிருக்கும் கவுன்ட்டர்களை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் பகிருங்கள்.