செல்போனில் ஒரு மீட்டர்

2018-ல் புதுப் பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. நீளம், தூரம் எல்லாம் பிள்ளைகள் குட்டி வீடியோவிலேயே பார்க்கிறார்கள். லீவு போட்ட பிள்ளைக்கு நல்ல உதவிதான், மறுக்கலை. ஆனால் உள்ளங்கை அகல செல்போனில் மீட்டரும் கிலோமீட்டரும் ஒரே நீளக் கோடாகத்தானே தெரிகிறது! அஞ்சாவது படிக்கும் என் மகள், 'ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர்' என்று டாண்ணு சொல்கிறாள். வாசலிலிருந்து தெருமுனை எத்தனை மீட்டர் என்றால் முழிக்கிறாள்.

எங்கள் திருச்செந்தூரில் பூக்காரம்மா கையால்தான் முழம் போடுகிறார். கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரு கையையும் விரித்த அளவு, ஏறக்குறைய ஆறடி. ஆளுக்கு ஆள் முழம் மாறுவதைப் பார்த்தாலே மீட்டர் எதற்கு என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். வீடியோ முடிந்ததும் வகுப்பில் பத்து நிமிஷம் வராண்டாவை அளக்கச் சொல்லலாமே? தையல் டேப் ஒன்று இருந்தால் போதும்.

– ஒரு வாசகி, திருச்செந்தூர்.